பையில் காற்று வந்த காலை

எனக்கு வயிற்றுக்குள்ளே புற்றுநோய் இருந்தது. இதை இப்படி நேராகச் சொல்லிப் பழகவே எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. இப்பவும் நான் முழு பெலன் வந்தவள் இல்லை. கொஞ்ச நேரம் நின்றால் உள்ளங்கால் மரத்துப்போகும். அதனால் உட்கார்ந்துகொண்டே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் எனக்குச் செய்ததை சபையில் உங்கள் முன்னால் ஒளிக்காமல் சொல்லணும்னுதான் வந்தேன்.

என் பேர் ஸ்டெல்லா பாய். உங்களில் பாதிப் பேருக்கு நான் ஸ்டெல்லா டீச்சர். பாறசாலைப் பக்கம் தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். வீடு குளத்தூரில். என் வீட்டுக்காரர் வில்சன், பூவாரில் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போகிற போட்டு, அதாவது படகு, ஓட்டுகிறார். மகள் ஒருத்தி, பெங்களூரில் படிக்கிறாள்.

ஓணப் பரீட்சை நடந்த சமயம்தான் முதல் தடவை ரத்தம் பார்த்தேன். வெளிக்கிருந்தபோது. கொஞ்சம்தான். மூலக்குரு, பைல்ஸ்தான்னு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரிடம் போய் இதைச் சொல்ல? தண்ணீர் நிறையக் குடித்தேன், காரத்தைக் குறைத்தேன், வைத்தியர் கடையில் லேகியம் வாங்கிச் சாப்பிட்டேன். ரத்தம் நிற்கிற மாதிரி நிற்கும், மறுபடி வரும். ஜாக்கெட்டெல்லாம் தொளதொளன்னு ஆகிப்போனது. கூட வேலை செய்கிற டீச்சர்மார் "மெலிஞ்சு அழகாயிட்டீங்களே"ன்னு சொன்னாங்க. நான் சிரித்துக்கொண்டேன்.

அந்த நாட்களை நினைத்தால் வலி ஞாபகம் வருவதில்லை. அலுப்புதான் ஞாபகம் வருது. போர்டில் எழுதக் கையைத் தூக்கினால் கை கல்லாகக் கனக்கும். பஸ் இறங்கி வீட்டுக்கு நடக்கிற வழியில் ஒரு பலசரக்குக் கடை உண்டு. அங்கே ஒன்றும் வாங்க இருக்காது. இருந்தாலும் போய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டுத்தான் மீதித் தூரம் நடப்பேன். வீட்டில் வந்து அரிசி களையும்போதே கண் சொருகும். வேலைக்குப் போகிற பெண்களுக்கு எல்லாருக்கும் உள்ளதுதானேன்னு விட்டுவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். கேரல் கூட்டத்தோடு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தோம். ஒரு வீட்டு முற்றத்தில் பாட்டு முடிந்தது. எல்லாரும் அடுத்த வீட்டுக்குக் கிளம்பினாங்க. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்பவில்லை. எழும்ப முடியவில்லை.

மறுநாள் வில்சன் என்னை நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அவர் என் கண்ணின் கீழ்இமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்துக் கிடந்தது. "டீச்சரே, எவிடெங்கிலும் ரத்தம் போகுந்நுண்டோ?"ன்னு, எங்கேயாவது ரத்தம் போகிறதான்னு, மலையாளத்தில் கேட்டார். பக்கத்தில் வில்சன் இருக்கிறார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு "உண்டு"ன்னு சொன்னேன். எத்தனை நாளாகன்னு கேட்டதற்கு ஓணம் முதல்னு சொன்னேன். திரும்பி வரும்போது வில்சன் பைக்கை ஓரமாக நிறுத்தினார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"எனக்கிட்ட பறஞ்சிருக்கலாமே ஸ்டெல்லா."

அவர் முதுகில் சாய்ந்துகொண்டேன். வண்டி மறுபடி கிளம்பியது.

திருவனந்தபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரி. முதலில் ரத்தம் ஏற்றினாங்க. பிறகு வயிற்றைக் காலியாக்க ஒரு மருந்துத் தண்ணீர் குடிக்கத் தந்து, பின்வழியாகக் குழாய் கேமரா விட்டுப் பார்த்தாங்க. கேமரா பாதி வழிக்கு மேலே போகவில்லை. அங்கே சதை வளர்ந்து வழியை அடைத்துக்கொண்டிருந்தது. அதில் கொஞ்சம் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாங்க. புற்றுநோய்தான்னு வந்தது.

ஆபரேஷன் செய்கிற டாக்டர் ஒரு அம்மா. என்னைவிட ரெண்டு மூணு வயசு மூத்தவங்களாக இருக்கும். அவங்க சுற்றி வளைத்துப் பேசவில்லை. பெருங்குடலின் இடது பக்கத்தில் ஒரு பாகத்தை வெட்டி எடுக்கணும், உடம்பில் ரத்தம் கொஞ்சம் ஊறட்டும், அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பினாங்க.

அந்த நாட்களில் நீங்கள் நிறையப் பேர் வந்தீங்க. ஆப்பிள் கொண்டுவந்தீங்க, ஆரஞ்சு கொண்டுவந்தீங்க, கையைப் பிடித்து ஜெபம் பண்ணினீங்க. ஒரு உண்மை சொல்லட்டுமா? பாதி ஜெபத்தில் நான் தூங்கிப்போனேன். நம்பிக்கை இல்லாமல் இல்லை. உடம்பு அப்படி அசந்து கிடந்தது. நானாக ஜெபிக்கக் கண்ணை மூடினாலும் "ஆண்டவரே"ங்கிறதுக்கு அப்புறம் வார்த்தை வராது. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு ஜெபிக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

ஆபரேஷனுக்குக் குறித்த நாள் வரவில்லை. அதற்கு முன்னாலேயே வயிறு அடைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் வீடு திரும்புகிற நேரம். வயிறு மத்தளம் மாதிரி வீங்கியது. மலமும் போகவில்லை, காற்றும் போகவில்லை. முறுக்கி முறுக்கி வலி. குடித்த தண்ணீரெல்லாம் பச்சையாக வாந்தியாக வந்தது. என் அண்ணன் மனைவி லீலா மைனி அடுத்த வீடுதான். சத்தம் கேட்டு ஓடி வந்தாங்க. வில்சன் யாரிடமோ கார் வாங்கிக்கொண்டு வந்தார். பாலராமபுரத்தில் வண்டிகள் நகரவே இல்லை. நான் மைனியின் மடியில் கிடந்தேன். மைனி ஒரு பிளாஸ்டிக் கவரை என் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டே வந்தாங்க. "தோ வந்தாச்சு மக்கா, தோ வந்தாச்சு"ன்னு சொல்லிக்கொண்டே வந்தாங்க. ஒன்றும் வந்திருக்கவில்லை. நாங்கள் நின்ற இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா வந்து வயிற்றைத் தட்டிப் பார்த்தாங்க. இனி காத்திருக்க முடியாது, இப்பவே செய்யணும்னு சொன்னாங்க. குடல் வீங்கி இருப்பதால் வெட்டின பிறகு ரெண்டு முனையையும் உடனே சேர்த்துத் தைக்க முடியாது. மேல் முனையை வயிற்றுத் தோலில் ஒரு வாசல் வைத்து வெளியே கொண்டுவருவோம், அதற்கு மேலே ஒரு பை ஒட்டுவோம், மலம் அந்தப் பையில்தான் வரும்னு விளக்கினாங்க.

"பை வேண்டாம் டாக்டர்"னு நான் சொன்னேன். அந்த வலியிலும் அதைத்தான் சொன்னேன்.

அவங்க என் கையைப் பிடித்தாங்க. "டீச்சரே, ஆத்யம் ஜீவன். பாக்கியெல்லாம் பின்னெ." முதலில் உயிர், மீதியெல்லாம் பிறகுன்னு.

ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது நான் பண்ணின ஜெபமும் அதுதான். பை மட்டும் வேண்டாம் ஆண்டவரே. வேறு எதையும் கேட்கவில்லை. உயிரைக்கூடக் கேட்கவில்லை.

கண் விழித்தபோது முதலில் இடது பக்கம் தடவினேன். பிளாஸ்டிக் தட்டுப்பட்டது. நான் கேட்டது நடக்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

கட்டியை முழுசாக எடுத்துவிட்டோம்னு டாக்டர் சொன்னாங்க. வில்சன் அழுதார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, துக்கமும் வரவில்லை. சும்மா கிடந்தேன்.

பெரிய கஷ்டம் இதற்கு அப்புறம்தான் வந்தது. ஆபரேஷனில் குடல் மயங்கிப்போகுமாம். சாதாரணமாக ரெண்டு மூணு நாளில் முழித்துக்கொண்டு வேலை செய்யத் தொடங்குமாம். என்னுடையது முழிக்கவே இல்லை. பையில் ஒன்றும் வரவில்லை. மலம் வேண்டாம், காற்று வந்தால் போதும், குடல் எழும்பிவிட்டதுன்னு அர்த்தம். அதுவும் வரவில்லை. வயிறு மறுபடி உப்ப ஆரம்பித்தது. மூக்கு வழியாக இரைப்பை வரைக்கும் ஒரு குழாய் விட்டிருந்தாங்க. அதில் பச்சைத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. வாயில் ஒரு சொட்டு விடக்கூடாது. ஈரப் பஞ்சால் உதட்டைத் தொட்டுத் தருவாங்க. அந்தப் பஞ்சைச் சப்பிவிடலாமான்னு எனக்குத் தோன்றும்.

டாக்டர்மார் வருவாங்க, பையைத் தொட்டுப் பார்ப்பாங்க. "கேஸ் போயோ?" இல்லை. நர்ஸ் வருவாங்க. "காற்று வந்நோ சேச்சி?" இல்லை. துடைக்க வருகிற அம்மாவும் கேட்டுவிட்டுப் போவாங்க. வில்சன் பூவாரிலிருந்து போன் பண்ணுவார். ஹலோ கிடையாது. "போச்சா?" அவ்வளவுதான். நம்ம பெண்கள் ஐக்கியத்தில் எனக்காக இந்த ஒரே காரியத்துக்கு உபவாசம் இருந்ததை மைனி சொன்னாங்க. எனக்கு வெட்கமாகப் போனது. ஒரு டீச்சருக்குக் காற்று போகணும்னு சபை கூடி ஜெபிக்கிறது.

வேளாவேளைக்கு என்னை எழுப்பி நடக்க வைப்பாங்க. டிரிப் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு, பை ஒரு பக்கம், மூத்திரக் குழாய் ஒரு பக்கம், மைனி பின்னால். நடைவழியின் கோடி வரைக்கும் போய்த் திரும்பணும். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருக்குன்னு அதை வேறு ஏற்றினாங்க. கை எரியும்.

பக்கத்துக் கட்டிலில் சரோஜம் அக்கா இருந்தாங்க. நெய்யாற்றின்கரைக்குக் கிழக்கே வீடு. இரைப்பையில் புற்றுநோய் வந்து முக்கால் பாகம் வெட்டி எடுத்திருந்தாங்க. ஒரு இட்லியை நாலு வேளையாகச் சாப்பிடுவாங்க. தலையணைக்கடியில் கிருஷ்ணன் படம் ஒன்று வைத்திருப்பாங்க. என்னைப் பார்த்து, "நான் உனக்கு வேண்டியும் விளிச்சிருக்கு கேட்டியா. ஆரெங்கிலும் கேக்கட்டு"ன்னு சொன்னாங்க. எனக்காகவும் சாமியைக் கூப்பிட்டிருக்காங்களாம், யாராவது கேட்கட்டும்னு.

ஒரு சாயங்காலம் டாக்டரம்மா வந்து நெடுநேரம் என் வயிற்றில் ஸ்டெதஸ்கோப் குழல் வைத்துக் கேட்டாங்க. பிறகு மைனியை வெளியே கூப்பிடாமல் என் முன்னாலேயே சொன்னாங்க. நாளைக்குக் காலையில் ஸ்கேன், அதுவரைக்கும் குடல் இளகவில்லை என்றால் மறுபடி வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டி வரலாம். உடம்பு இருக்கிற நிலையில் அது கஷ்டம்தான், ஆனால் வேறு வழி இல்லை.

அவங்க போன பிறகு நான் மைனியிடம் சொன்னேன். "என்னக்கொண்டு இனி ஆவாது மைனி. போதும்னு சொல்லிருங்க."

"ஆருட்ட சொல்லணும்?"

"வில்சனுட்ட சொல்லுங்க. மகளுட்டயும் சொல்லுங்க. எனக்கு அலுத்து மடுத்துப்போச்சு."

லீலா மைனியை உங்களுக்குத் தெரியும். ஐக்கியத்தில் ஜெபிக்க முறை வந்தால் பக்கத்தில் இருக்கிறவளின் முழங்கையைத் தட்டிவிடுகிறவங்க. சத்தமாக ஜெபித்து நான் கேட்டதே கிடையாது. அன்றைக்கு அவங்க ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் கையைப் பிடித்தாங்க. கண்ணைக்கூட மூடவில்லை.

"ஆண்டவரே, இவளுக்குக் காத்து போகணும். இப்ப வேற ஒண்ணும் கேக்கல. இது மட்டும் போதும். ஆமென்."

பக்கத்துக் கட்டிலிலிருந்து சரோஜம் அக்காவும் "ஆமென்"னு சொன்னாங்க.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தையல் பிரிகிற மாதிரி வலிக்கும். தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், வலியில் அழுதேன், மறுபடி சிரித்தேன். "சிரிக்காண்டாம் பிள்ளே, தையல் விட்டுரும்"னு சொல்லிக்கொண்டே மைனியும் சிரிச்சாங்க. நானும் அந்த ஜெபத்தைத்தான் சொன்னேன். ஆண்டவரே, எனக்குக் காற்று போகணும். அதுக்கப்புறம் வார்த்தை தேடவில்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு ஆண்டவரிடம் ஒன்றைச் சொல்லி முடித்த நிம்மதி வந்தது. தூங்கிப்போனேன்.

காலையில் வெளிச்சம் வந்து, சாயாக்காரர் வராந்தாவில் பிளாஸ்கைத் தட்டிக்கொண்டு போகிற நேரம். வயிற்றுக்குள் ஏதோ ஊர்கிற மாதிரி இருந்தது. வலதுபக்கம் தொடங்கி, மேலே ஏறி, குறுக்கே போனது. நல்ல வலி. களகளன்னு ஒரு சத்தம். மைனி முகம் கழுவிவிட்டு வந்தவங்க, துண்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாங்க. பிறகு என் போர்வையை மெதுவாகத் தூக்கினாங்க.

"ஸ்டெல்லா. இஞ்ச பாரு. ஊதியிருக்கு."

நான் அதுவரைக்கும் அந்தப் பையைக் கண்ணால் பார்த்தது கிடையாது. அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். பிள்ளைகள் ஊதின பலூன் மாதிரி உப்பி நின்றது. எதை வேண்டாம் வேண்டாம்னு ஆண்டவரிடம் கெஞ்சினேனோ, அதற்குள்ளேதான் அவர் பதிலை வைத்திருந்தார்.

மைனி செருப்புப் போடாமல் நர்ஸிடம் ஓடினாங்க. நர்ஸ் வந்து பையின் வாயைத் திறந்து காற்றை விட்டாங்க. அறை முழுக்க நாற்றம். அதை நறுமணம்னு நான் சொல்லமாட்டேன். நாற்றம்தான். அதை மோந்துகொண்டு நானும் மைனியும் சரோஜம் அக்காவும் அழுதோம். மைனி வில்சனுக்குப் போன் போட்டு "போச்சு"ன்னாங்க.

டாக்டரம்மா வந்து வயிற்றில் குழல் வைத்தாங்க. முகம் மாறினது. திறக்க வேண்டி வராதுன்னு சொன்னாங்க. மத்தியானம் ஒரு ஸ்பூன் தண்ணீர் குடிக்கச் சொன்னாங்க. அந்தத் தண்ணீரின் ருசியை என்னால் சொல்லிக் காட்ட முடியாது.

பொட்டாசியம் ஏற்றினதால்தான் ஆச்சு, நடந்ததால்தான் ஆச்சுன்னு யாராவது சொல்லலாம். நானே டாக்டரிடம் கேட்டேன். அவங்க சொன்னது இதுதான்: "செய்ய வேண்டியதெல்லாம் செய்தோம் டீச்சரே. ஆனால் குடலிடம் எழும்புன்னு உத்தரவு போட எங்களால் முடியாது." மருந்தையும் நான் மறுக்கமாட்டேன், அந்த டாக்டரின் கையையும் மறக்கமாட்டேன். எழும்பச் சொன்னது யாருன்னு எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகு எல்லாம் லேசாகிவிட்டதுன்னு நினைக்காதீங்க. பையை மாற்ற எனக்குக் கை வரவில்லை. வில்சன் ஆஸ்பத்திரியிலேயே நர்ஸிடம் கேட்டுப் படித்திருந்தார். வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்து, அளவு பார்த்து வெட்டி, ஒட்டி விடுவார். நான் கண்ணை மூடிக்கொண்டு அழுவேன். "எதுக்கு அழுக? நான் போட்டோட எஞ்சின்ல கை வைக்கிறவனாக்கும். இது எனக்கு ஒண்ணும் இல்லை"ன்னு சொல்வார். பிறகு நானே பழகினேன்.

அப்புறம் கீமோ. அதைப் பற்றி நீளமாகப் பேச எனக்குத் தெம்பில்லை. குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கும். விரல் நுனி மரத்து, ஊக்குப் போட முடியாது. சில நாள் கட்டிலிலிருந்து ஜன்னலைப் பார்ப்பதே அன்றைய வேலை. அந்த மாசங்களில் என் ஜெபமெல்லாம் ஒரே வரிதான். ஆண்டவரே, இந்தக் கஞ்சி தங்கணும். ஆண்டவரே, குளிமுறி வரைக்கும் நடக்கணும். அதிகம் பேசினால்தான் அவர் கேட்பார்னு இல்லை. அதை மைனியிடமிருந்து கற்றுக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்லணும். சரோஜம் அக்கா இப்போ இல்லை. மழை தொடங்கின சமயம் அவங்க மகள் போன் பண்ணினாள். நோய் ஈரலுக்குப் போய்விட்டதாம். எனக்காகக் கூப்பிட்டுப் பிரார்த்தித்தவங்க அவங்க. எனக்குக் கிடைத்தது அவங்களுக்கு ஏன் கிடைக்கவில்லைன்னு எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி யாராவது விளக்கம் சொன்னால் நான் எழும்பிப் போய்விடுவேன். அவங்க வீட்டுக்குப் போய் அந்த மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அன்றைக்கும் ஆண்டவர் என் பக்கத்தில் இருந்தார், அதுவும் எனக்குத் தெரியும்.

கடைசி ஸ்கேனில் நோய் எங்கேயும் தெரியவில்லை. தொடர்ந்து பார்க்கணும்னு சொல்லியிருக்காங்க. இந்தச் சேலைக்கடியில் இப்பவும் அந்தப் பை உண்டு. குடலைத் திரும்பச் சேர்த்துத் தைக்கலாம்னு டாக்டர் சொல்றாங்க. நான் இன்னும் நாள் கேட்கவில்லை. பயமும் உண்டு, அலுப்பும் உண்டு. அவர் பெலன் தரும்போது கேட்பேன்.

பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டேன். முதல் நாள் வகுப்பில் பை சத்தம் போட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். "டீச்சருக்கு வயிற்றில் ஆபரேஷன், அதுதான் பேசுது"ன்னு சொல்லிவிட்டுப் பாடத்தை எடுத்தேன். அதற்குப் பிறகு யாரும் சிரிப்பதில்லை.

நான் இதையெல்லாம் வெளிப்படையாகப் பேச ஆரம்பித்த பிறகு, நம்ம சபையில் ஒரு சகோதரி என் வீட்டுக்கு வந்தாங்க. வாசலிலேயே நின்றாங்க. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சாயா கொடுத்தேன். குடித்து முடித்த பிறகு மெதுவாக, "எனக்கும் ரத்தம் உண்டு டீச்சர்"னு சொன்னாங்க. மறுநாளே நான் கூடப் போனேன். அதே டாக்டரம்மாதான் பார்த்தாங்க. குடலில் சின்ன முளை மாதிரி ஒன்று. இன்னும் புற்றாக மாறவில்லை. கேமராக் குழாய் வழியாகவே எடுத்துவிட்டாங்க. கத்தி வைக்கவில்லை, பை வைக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். பேர் சொல்லாமல் இதைச் சொல்ல அவங்க அனுமதி தந்திருக்காங்க. அந்த பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அவங்க தூங்குவதைப் பார்த்துக்கொண்டே வந்தபோதுதான், நான் பட்டது வீணாகப் போகவில்லைன்னு எனக்குத் தோன்றியது.

இவ்வளவும் செய்த ஆண்டவருக்கு நன்றின்னு சொல்வதைத் தவிர என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ரத்தமோ, வயிற்று வலியோ, காரணம் தெரியாத மெலிச்சலோ, யாரிடமும் சொல்ல முடியாத எதுவோ உங்களில் ஒருத்திக்கு இருக்கலாம். பெரிய வார்த்தை எதுவும் வேண்டாம். உள்ளது உள்ளபடி அவரிடம் சொல்லுங்கள், அவர் முகம் சுளிக்கமாட்டார். பிறகு என்னிடமும் சொல்லுங்கள். சனிக்கிழமைகளில் நான் வீட்டில் உண்டு. ஜெபம் பண்ணுவோம், ஒரு வரி போதும். அப்புறம் குடையை எடுத்துக்கொண்டு ரெண்டு பேருமாகப் போய் பஸ் ஏறுவோம்.